பனிமலைச் சறுக்கலுக்கு நல்ல நாள் எது?

சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் பிறந்துவிட்டால், மதுரைக்குப் பக்கத்திலுள்ள திருவாதவூரில் உச்சிவேளையில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் அது. திருமறைநாதர் கோவில் மதிலின் நிழலில் நாலு பேர் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்களிடம் போய் "பனி" என்று சொன்னால், மார்கழி விடியலில் வைக்கோற்போரின் மேல் முத்து முத்தாக நிற்கிறதே, அதைத்தான் நினைப்பார்கள். அதுவும் சூரியன் ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் போன இடம் தெரியாது.

ஆனால் சறுக்கு விளையாட்டு அந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் புதிதல்ல. கண்மாய்க் கரைச் சரிவில் பனைமட்டையைப் போட்டு, அதன்மேல் குந்தி, "விடுடா!" என்று கத்திக்கொண்டு கீழே வருவார்கள். கால்சட்டையின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வீட்டில் அடி வாங்காத பையன் மதுரைச் சீமையில் உண்டா?

அதே விளையாட்டைப் பனைமட்டைக்குப் பதிலாக இரண்டு நீண்ட பலகைகளின் மேல் நின்றுகொண்டு, பத்தடிக் கரைக்குப் பதிலாகப் பதின்மூவாயிரம் அடி உயர மலையிலிருந்து ஆடினால் எப்படியிருக்கும்? அதுதான் "ஸ்கீ" எனப்படும் பனிச்சறுக்கு. இந்தியாவில் அதற்குப் பேர் போன இடம் காஷ்மீரத்துக் குல்மார்க்.

அங்கே ஆண்டுதோறும் உல்லாசப் பயணிகள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். சிலர் "இதைப் போன்ற நாள் வாழ்க்கையில் வராது" என்று திரும்புகிறார்கள். சிலர் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். மலையும் ஒன்று; பலகையும் ஒன்று. பின் எங்கே இருக்கிறது வித்தியாசம்?

சென்னையில் பிறந்த பிதாமகர்

அதைப் பார்க்கும் முன், இந்த விளையாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள ஒரு பழைய உறவைச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் ஓடும் சறுக்குப் பந்தயங்களுக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவர் யார் தெரியுமா? சர் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர். அவர் பிறந்தது சுவிட்சர்லாந்திலோ நார்வேயிலோ அல்ல. நம் சென்னைப் பட்டணத்தில்! ஆண்டு 1888. அவருடைய தகப்பனார் ஹென்றி லன், மெதடிஸ்ட் சபையின் மிஷனரியாக இங்கே வந்தவர். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. பிற்காலத்தில் தகப்பனார் பிரயாண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கி, ஆங்கிலேயர்களைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப் போனார். மகனுக்குப் பனிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

வாலிபத்தில், 1909-ல், வேல்ஸ் நாட்டு மலையொன்றில் ஏறும்போது லன் தவறி விழுந்தார். கால் நொறுங்கியது. ஆறியபோது அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. வேறொருவராயிருந்தால் நாற்காலியோடு நின்றிருப்பார். லன் அந்தக் காலை வைத்துக்கொண்டே 1917-ல் டோம் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தில் சறுக்குப் பலகையோடு ஏறினார்!

1922 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் மூரன் என்னும் மலைக் கிராமத்தில், சரிவிலே ஜோடி ஜோடியாகக் கொடிக்கம்புகளை நட்டு, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம் ஒன்றை அவர் வைத்தார். அதற்குமுன் சறுக்குகிறவனின் நளினத்தைப் பார்த்து நடுவர்கள் மார்க்குப் போடுவார்கள். லன் அதை ஒதுக்கினார். வளைவு அழகாயிருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமல்ல. வேகம் குறையாமல் வளைந்தாயா என்பதுதான் கேள்வி. கடிகாரமே நடுவர்! இன்று ஒலிம்பிக்கில் நடக்கும் "ஸ்லாலம்" பந்தயம் இப்படிப் பிறந்ததுதான். "ஸ்லாலம்" என்ற சொல் மட்டும் நார்வேக்காரர்களுடையது.

இந்த உறவில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1911-ல் நடந்த பழைய சரிவுப் பந்தயம் ஒன்றின் கோப்பைக்கு "காந்தஹார்" என்று பெயர். ஆப்கன் யுத்தத்தில் காந்தஹாருக்குப் படை நடத்திய ராபர்ட்ஸ் பிரபுவை ஒட்டி வைத்த பெயர் அது. அதே ராபர்ட்ஸ்தான் 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்தவர். ஐரோப்பாவின் பனிமலைப் பந்தயங்களில் இன்றும் "காந்தஹார்" என்ற பெயர் அடிபடுவதன் ரகசியம் இதுதான்!

லன் வெறும் பந்தயப் பிரியர் அல்ல. பனியின் குணத்தைப் படித்தவர். எந்தப் பனி தாங்கும், எந்தப் பனி சரியும் என்று அறிவதே சறுக்குகிறவனின் முதல் பாடம் என்று எழுதி எழுதிச் சொன்னவர். நல்ல நாள் எது என்ற கேள்விக்கு விடை தேடினால் அங்கேதான் போய் நிற்கிறது.

முந்தின இரவே தீர்மானம்

நல்ல நாள் காலையில் பிறப்பதில்லை. முந்தின இரவே அது தீர்மானமாகிவிடுகிறது!

குல்மார்க் என்றால் "மலர் மைதானம்" என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,700 அடி உயரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில் கிடக்கிறது. மதுரைக்குக் கத்திரி எப்படியோ, காஷ்மீரத்துக்குச் "சில்லை கலான்" அப்படி. டிசம்பர் 21-ல் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலம் அது. அதன்பின் இருபது நாள் "சிறிய சில்லை", பிறகு பத்து நாள் "குழந்தைச் சில்லை". இந்த எழுபது நாளைக்குள் விழும் பனியை நம்பித்தான் சறுக்கு விளையாட்டு.

அந்தப் பனி எங்கிருந்து வருகிறது? நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே வங்கக் கடலிலிருந்து மழை வருகிறதல்லவா? அவர்களுக்கு மேற்கே, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து காற்றுச் சுழற்சிகள் புறப்பட்டு, ஈரான், ஆப்கானிஸ்தானத்தைத் தாண்டி வந்து மலையில் மோதுகின்றன. மோதிய இடத்தில் பனி கொட்டுகிறது. திருவாதவூர் விவசாயி கிழக்கே பார்ப்பதுபோல் குல்மார்க் வாசி மேற்கே பார்க்கிறான்.

ஆனால் எல்லாப் பனியும் ஒன்றல்ல. நல்ல குளிரில், காற்றில்லாமல் விழுந்த பனி, இடித்துச் சலித்த பச்சரிசி மாவு போல் பொலபொலவென்றிருக்கும். கையில் பிடித்தால் நிற்காது, ஊதினால் பறக்கும். அதில் பலகை ஓடினால் சத்தமே கேட்காது. சறுக்குகிறவர்கள் கனவு காண்பது இந்தப் பனியைத்தான்.

வெயில் ஏறினால் அதே பனி இட்லி மாவாகிவிடும். பலகை அதில் ஒட்டிக்கொண்டு முழங்காலைத் திருகும். வெயிலில் இளகி இரவில் மறுபடி உறைந்தால் சிமெண்டுத் தரை! அதில் பலகையின் ஓர இரும்பு கறகறவென்று தேயும். விழுந்தால் எலும்புக்கு உத்தரவாதமில்லை. ஆகவே இரவு பனி விழுந்து, விடியலில் நின்று, வானம் வெளுத்து, காற்று அடங்கி, குளிர் மட்டும் குறையாமல் இருக்கிறதே, அதுதான் பஞ்சாங்கத்தில் இல்லாத சுபதினம்.

அழகின் கீழே ஆபத்து

இங்கேதான் ஒரு விபரீதம். சறுக்குவதற்கு மிக அழகான காலையே மிக அபாயமான காலையாகவும் இருக்கக்கூடும்.

பனி குறைவாகவும் குளிர் அதிகமாகவும் பல நாள் நீடித்தால், தரையை ஒட்டியுள்ள பழைய பனி சீனியைப்போல் உதிரி உதிரியாகிவிடும். அதன்மேல் ஒரே இரவில் இரண்டு மூன்று அடி புதுப்பனி விழுந்தால் என்ன ஆகும்? கொட்டிய சீனியின் மேல் பலகையைச் சாய்த்து வைத்ததுபோலத்தான். காற்றும் சேர்ந்துகொண்டால், மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கெட்டியான தகடாக அடுக்கிவிடும். மேலே பார்த்தால் விரித்த வேட்டி போல் வெள்ளை வெளேரென்றிருக்கும். ஒரு மனிதன் அதன்மேல் பலகையை வைத்தால் போதும், தகடு முழுவதும் முறிந்து அவனோடு கீழே போகும். பனிச்சரிவு தானாக வந்து சறுக்குகிறவனை மூடுவதைவிட, அவனோ அவன் கூட்டாளியோ அதைக் கிளப்பிவிடுவதுதான் அதிகம்.

மிகச் செங்குத்தான இடத்தில் பனி தங்காது. சாய்வு குறைந்த இடத்தில் ஓடாது. நாட்டு ஓட்டுக் கூரையைப் போலவும் அதைவிடச் சற்றுச் செங்குத்தாகவும் உள்ள சரிவுகளே, அதாவது 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்தவையே அபாயமானவை. சறுக்குவதற்குச் சுகமானவையும் அவைதான்!

பனியில் புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பிழைப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. அரை மணி தாண்டினால் நம்பிக்கை வேகமாகத் தேய்ந்துவிடும். கீழேயிருந்து மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பக்கத்தில் இருக்கும் கூட்டாளிதான் தோண்ட வேண்டும். அதற்காகவே, ஏற்பாடான பாதையை விட்டு வெளியே போகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் சிறு ரேடியோக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் சுமந்து போகிறார்கள்.

பனிச்சரிவு என்பது மதுரைக்குத் தூரத்துச் செய்தியல்ல. 2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்துக் காவல் முகாம் ஒன்றின்மேல் பனி சரிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்து வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ல் டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார். இறந்தவர்களில் ஒருவர் மதுரை மாவட்டத்துச் சிப்பாய். அவர்கள் விளையாடப் போனவர்கள் அல்ல.

குல்மார்க்கிலும் ராணுவத்துக்குப் பள்ளி உண்டு. 1948-ல் சறுக்குப் பயிற்சிக் கூடமாகத் தொடங்கி, பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. சறுக்குப் பலகை அங்கே விளையாட்டுச் சாமானல்ல. பனியில் நடமாட ஒரு வாகனம்.

காலை எட்டு மணி

பனி விழுந்த இரவு முடிந்து, வானம் வெளுத்த காலை. குல்மார்க்கில் ரோப் கார் நிலையத்தின் முன் வரிசை நிற்கிறது. பழனி மலை ரோப் காரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் இதன் உயரம் வேறு! 1998-ல் ஓடத் தொடங்கிய முதல் கட்டம் கோங்டூரி வரை. 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையின் தோளில் சுமார் 13,000 அடியில் கொண்டுபோய் விடுகிறது. கீழே தேவதாரு மரங்கள், மேலே ஒரு புல் பூண்டு கிடையாது.

புதுப்பனி விழுந்த காலையில் இரண்டாம் கட்டம் உடனே திறக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மலையின் காவல் குழுவினர் முதலில் சரிவைச் சோதிக்க வேண்டும். காற்று பலமாயிருந்தால் பெட்டி ஓடாது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்திருக்கிறார்களே! அவர்கள் முணுமுணுக்கட்டும். அப்படித் திறக்காமல் வைத்த காலைகளால்தான் பலர் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

சமவெளிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். மதுரை கடல் மட்டத்திலிருந்து முந்நூறு அடி சொச்சம். அங்கிருந்து புறப்பட்டு ஒரேயடியாய்ப் பதின்மூவாயிரம் அடியில் போய் நின்றால் தலை இடிக்கும், குமட்டும், பத்தடி நடந்தால் மூச்சு இரைக்கும். முதல் இரண்டு நாள் குல்மார்க் மைதானத்திலேயே நடந்து உடம்பைப் பழக்குவது புத்தி. கறுப்புக் கண்ணாடியை மறந்துவிடக் கூடாது. புதுப்பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியடிக்கும். கத்திரி வெயிலில் வளர்ந்தவன்கூட அங்கே கண் எரிந்து உட்கார்ந்துவிடுவான்.

ஏர் பிடித்தவனுக்கு எளிது!

புதிதாகக் கற்பவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் வித்தைக்குப் பெயர் என்ன தெரியுமா? "பனிக்கலப்பை"! இரண்டு பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியை உழுதுகொண்டே இறங்குவது. அகட்ட அகட்ட வேகம் குறையும். வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். இடது காலை அழுத்தினால் வலப்பக்கம். மேலூர் வயலில் ஏர் பிடித்தவனுக்கு இந்த ரகசியம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது மற்றொன்று. சரிவைப் பார்த்தவுடன் பயத்தில் உடம்பு தானாகவே பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் நுனி பனியை விட்டு எழும்பும், கட்டுப்பாடு போகும், பொத்தென்று உட்கார வேண்டியதுதான். பயப்படும் திசையை நோக்கியே, கீழ்நோக்கியே, முன்னால் சாய வேண்டும். கணுக்காலை இரும்புபோல் கவ்விய பூட்சின் நாக்கில் கணைக்கால் எலும்பு அழுந்த வேண்டும். இதைப் புத்தி ஏற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். உடம்பு ஏற்றுக்கொள்ளப் பல நாள் ஆகும். குல்மார்க்கில் மத்திய அரசு 1968-ல் ஸ்தாபித்த சறுக்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய் ஒழுங்காய்க் கற்பவர்கள் உண்டு. வாடகைப் பலகையை மாட்டிக்கொண்டு, ஒரு புகைப்படம் எடுத்து, அன்றைக்கே சிகரத்துக்குப் போகத் துடிப்பவர்களும் உண்டு. கட்டுப்போட்ட முழங்கால்களில் பாதி இரண்டாம் வகையாரைச் சேர்ந்தது.

கற்றவனுக்கும் மலை பாகுபாடு காட்டுவதில்லை. குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கானை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் சறுக்குச் சாமான் கடைக்காரர். மகன் நாலு வயதில் பலகை ஏறியவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர் அவர் ஒருவரே! பிப்ரவரி 13-ல் "ஜயண்ட் ஸ்லாலம்" பந்தயத்தன்று ஓயாமல் பனி கொட்டியது. எதிரே நிற்கும் கம்பு தெரியவில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் முடிக்காமலே வெளியேறினார்கள். ஆரிஃப் முடித்தார், 45-வது இடம். மூன்றே நாள் கழித்து ஸ்லாலம். அதில் முதல் ஓட்டத்திலேயே பாதை தவறினார். அதே ஆள், அதே பயிற்சி. கெட்ட நாளில் வென்றவனை இன்னொரு நாள் கைவிட்டது!

அந்த ஒலிம்பிக்கில் இன்னொரு வேடிக்கை. பந்தயப் பாதைகளுக்கு ஏறக்குறைய முழுவதும் யந்திரத்தால் செய்த பனியையே பரப்பியிருந்தார்கள்.

வராத பனி

குல்மார்க்கின் கவலையும் இப்போது அதுதான். 2024 ஜனவரியில் பனியே இல்லை. சில்லை கலான் நடுவில் மைதானம் காய்ந்த புல்லோடு கிடந்தது. ரோப் காரில் போனவர்கள் மண்ணைப் பார்த்துத் திரும்பினார்கள். மாதக் கடைசியில்தான் வானம் இரங்கியது. பிப்ரவரியில் விழுந்தது, நிறைய விழுந்தது. 22-ந் தேதி கோங்டூரிப் பக்கம் பனி சரிந்து ரஷ்யப் பயணி ஒருவர் மாண்டார். உடன் போனவர்கள் மீட்கப்பட்டார்கள். ஒரே குளிர்காலத்தில் இல்லாமையும் மிகுதியும்!

அடுத்த ஆண்டும் நிம்மதியில்லை. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்களைப் பனி போதாமல் ஒத்திவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள்.

விளையாடப் போகிறவனுக்கு ஒரு விடுமுறை நஷ்டம். ஊர்க்காரனுக்கு வருஷமே நஷ்டம். பலகை வாடகைக்கு விடுகிறவன், வழிகாட்டி, சறுக்குவண்டியில் ஆளை உட்கார வைத்துக் கயிற்றால் இழுக்கிறவன், டீக்கடைக்காரன் எல்லாரும் அந்த எழுபது நாளை வைத்துத்தான் பன்னிரண்டு மாதம் ஓட்டுகிறார்கள். மலைமேல் தங்கும் பனிதான் கோடையில் உருகி ஆற்றில் ஓடி, ஆப்பிள் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் பாய்கிறது. திருவாதவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை அவர்களுடைய கண்மாய். கண்மாய் நிரம்பாவிட்டால் என்ன ஆகும்?

பிற்பகல் மூன்று மணி

நல்ல நாளைக் கெடுப்பது பெரும்பாலும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற ஆசைதான். பிற்பகலில் மேகம் சூழ்ந்தால் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் பள்ளமும் மேடும் ஒன்றாய்த் தெரியும். அதை வெள்ளை இருட்டு என்றே சொல்லலாம். தொடை நடுங்கத் தொடங்கியிருக்கும். காலையில் மாவாயிருந்த பனி ஆயிரம் பலகைகள் ஓடிக் குன்றும் குழியுமாகியிருக்கும். உள்ளூர் வழிகாட்டிகள் அந்த நேரத்தில் வாதாடுவதில்லை. பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உடன் வந்தவர்களும் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

இப்போது போவதற்கு வழியும் எளிதாகியிருக்கிறது. மதுரை வழியாகக் கத்ரா வரை எக்ஸ்பிரஸ் ரயில் உண்டு. 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க்கைத் தாண்டிக் கடைசி 13 கிலோமீட்டர் மலையேற்றம். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் ஏற்ற காலம் என்பார்கள். பனி வந்தால்!

சாயங்காலம் டீக்கடையில் அடுப்பைச் சுற்றி ஜனம் கூடுகிறது. நீண்ட "பிரன்" அங்கிக்குள் "காங்கிரி" என்ற கனல் சட்டியை அணைத்தபடி பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குங்குமப்பூப் போட்ட "காவா" கோப்பை கோப்பையாகப் போகிறது. சறுக்கிவிட்டு வந்தவர்கள் அன்றையப் பிரதாபங்களை அளந்துகொண்டிருக்கிறார்கள். கடைக்காரர் அவற்றில் காது கொடுப்பதில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து மேற்கே பார்க்கிறார், மேகம் ஏதாவது வருகிறதா என்று.